நோய் தரும் மரபணு ஏன் அழியாமல் இருக்கிறது? ஆண்டனி அலிசன் ஆப்பிரிக்காவில் கண்ட விடை

பன்னிரண்டாம் வகுப்புக்கு மரபியல் நடத்தும்போது, அநேகமாக ஒவ்வோர் ஆண்டும் ஒரு பிள்ளை எழுந்து இதைக் கேட்டுவிடும்: "சார், அது அவ்வளவு கெட்ட மரபணுன்னா, இத்தனை ஆயிரம் வருஷத்துல ஏன் அழிஞ்சு போகல?" அருமையான கேள்வி. பாடப்புத்தகம் அரிவாள் செல் நோயை ஒரு பத்தியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். இந்தக் கேள்வி அப்படியே நின்றுவிடும்.

வெளியே நடக்கும் பேச்சு இதைவிட மோசம். "அது கறுப்பர்களுக்கு வரும் நோய்" என்கிறார்கள். "அந்த ஜனங்களின் ரத்தத்திலேயே குறை" என்கிறார்கள். படித்தவர்களும் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இரண்டுமே தவறு. ஏன் தவறு என்பதை 1950களிலேயே ஓர் இளம் மருத்துவர் கிழக்கு ஆப்பிரிக்காவில் ஊர் ஊராகப் போய், ரத்தத் துளிகளை எண்ணிக் காட்டிவிட்டார். அவர் பெயர் ஆண்டனி அலிசன். 1925இல் தென்னாப்பிரிக்காவில் பிறந்து, கென்யாவில் கில்கில் என்ற ஊருக்குப் பக்கத்துப் பண்ணையில் வளர்ந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் மருத்துவம் படித்தவர். அவர் வேலையைப் பின்தொடர்ந்து போனாலே இந்த விஷயம் முழுக்கப் பிடிபடும். உயிரியல் முன்பே தெரிந்திருக்க வேண்டியதில்லை.

உறையும் தேங்காய் எண்ணெய்

முதலில் நோய் என்ன என்று பார்த்துவிடுவோம்.

நம் ரத்தத்தில் ஓடும் சிவப்பணுக்கள் சரக்கு வண்டிகள் மாதிரி. நுரையீரலில் ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டு போய் உடம்பெங்கும் இறக்குகின்றன. சரக்கைப் பிடித்துவைக்கும் புரதத்தின் பெயர் ஹீமோகுளோபின். ரத்தம் சிவப்பாக இருப்பதும் அதனால்தான். ஆரோக்கியமான சிவப்பணு நடுவில் லேசாக அமுங்கிய வடை போல, மெத்தென்று இருக்கும். தன்னைவிடக் குறுகலான ரத்தக் குழாய்க்குள்ளும் வளைந்து நெளிந்து போய்விடும்.

மார்கழி மாதம் குளியலறையில் இருக்கும் தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் கவிழ்த்தாலும் விழாது, கட்டியாக உறைந்திருக்கும். வெயிலில் வைத்தால் இளகிவிடும். மறுநாள் காலை மறுபடி உறையும். அரிவாள் செல் நோய் உள்ளவர்களின் ஹீமோகுளோபின் இதே போலத்தான் நடந்துகொள்கிறது. எண்ணெய்க்குக் குளிர் என்ன செய்கிறதோ, அதை இங்கே ஆக்சிஜன் குறைவு செய்கிறது. சரக்கை இறக்கியதும் அந்த ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி நீளமான கம்பிகளாகிவிடும். உள்ளே கம்பி விறைத்ததும் அணுவும் கதிர் அரிவாள் போல வளைந்து இறுகிவிடும். நுரையீரலுக்குத் திரும்பி ஆக்சிஜன் கிடைத்ததும் இளகும். அப்புறம் மறுபடி இறுகும். இப்படிப் பல முறை நடந்தால் அணுவின் தோலே பழுதாகி, நிரந்தரமாக வளைந்துபோகும்.

விளைவு இரண்டு. இறுகிய அணுக்கள் சிறு குழாய்களில் சிக்கி அடைத்துக்கொள்ளும். எலும்பிலும் வயிற்றிலும் தாங்க முடியாத வலி வருவது அதனால்தான். அடுத்து, சாதாரணச் சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோடிருக்கும் என்றால் இவை 10, 20 நாளிலேயே உடைந்துபோகும். அதனால் ரத்தசோகை.

இவ்வளவுக்கும் மூலகாரணம் ஒரே ஓர் எழுத்துப் பிழை. ஹீமோகுளோபினின் ஒரு பகுதி, பீட்டா சங்கிலி எனப்படுவது, 146 அமினோ அமிலங்களைக் கோத்துச் செய்த மாலை. அதில் ஆறாவது மணி மாறியிருக்கிறது. குளுட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வேலின் இருக்கிறது. 'புளி'யில் ஓர் எழுத்து மாறினால் 'புலி' ஆகிவிடுகிறதே, அந்த மாதிரி. வெர்னான் இங்கிராம் இதைக் கண்டுபிடித்தது 1950களின் நடுவில்.

ஒரு பிரதி, இரண்டு பிரதி

இனி வருவதுதான் எல்லாரும் குழப்பிக்கொள்ளும் இடம். கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

மரபணு என்பது உடம்பு ஒரு புரதத்தைச் செய்வதற்கான செய்முறைக் குறிப்பு. பீட்டா சங்கிலிக்கான குறிப்பு நம் எல்லாரிடமும் இரண்டு பிரதிகளாக இருக்கிறது. ஒன்று அம்மா தந்தது, மற்றது அப்பா தந்தது.

இரண்டு பிரதியிலும் அந்த எழுத்துப் பிழை இருந்தால் அரிவாள் செல் நோய் வரும். ஒரு பிரதியில் மட்டும் பிழை இருந்தால் அவரை கேரியர் என்கிறோம். அவர் நோயாளி அல்ல. பெரும்பாலும் தன்னிடம் அது இருப்பதே தெரியாமல் வாழ்ந்து முடித்துவிடுவார்.

அது எப்படி என்பதற்கும் எண்ணெய்ப் பாட்டிலிலேயே விடை இருக்கிறது. தேங்காய் எண்ணெய் உறையாமலிருக்க வீட்டில் பெரியவர்கள் கொஞ்சம் விளக்கெண்ணெய் கலந்து வைப்பார்கள் இல்லையா? கேரியரின் சிவப்பணுவில் அப்படித்தான் இரண்டு வகை ஹீமோகுளோபினும் கலந்திருக்கின்றன. சாதாரண வகை பாதிக்கும் சற்று மேலாக இருப்பதால் அன்றாட வாழ்க்கையில் உறைவது அரிது.

கேரியர்களான இருவர் திருமணம் செய்துகொண்டால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. கேரியராக இருக்க நான்கில் இரண்டு. எதுவும் இல்லாமலிருக்க நான்கில் ஒன்று. "முதல் குழந்தைக்கு வந்துவிட்டது, இனி மூன்று குழந்தைக்குப் பயமில்லை" என்று கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. அது தப்பு. ஒவ்வொரு கருவுக்கும் சீட்டு புதிதாகக் குலுக்கப்படுகிறது.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: ஆக்சிஜன் குறைந்தால் உறையும் ஒரு ஹீமோகுளோபின் இருக்கிறது. அதன் மரபணு இரண்டு பிரதியாக வந்தால் நோய். ஒரே பிரதியாக வந்தால் நோயில்லை, ஆனால் அடுத்த தலைமுறைக்குப் போகும்.

இப்போது மாணவர்களின் கேள்வி கூர்மையாகிவிடுகிறது. மருத்துவ வசதி இல்லாத காலத்தில் இரண்டு பிரதி உள்ள குழந்தைகள் பெரும்பாலும் வளருமுன்னே இறந்துபோனார்கள். அவர்கள் ஒவ்வொருவரோடும் இரண்டு பிரதிகள் மண்ணுக்குள் போயின. அப்படியானால் தலைமுறைக்குத் தலைமுறை இந்த மரபணு குறைந்து மறைந்திருக்க வேண்டுமே?

மலையேறப் போனவர் வரைந்த வரைபடம்

1949. ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து ஒரு குழு கென்யா மலைக்கு ஆய்வுப் பயணம் கிளம்பியது. மற்றவர்கள் செடிகளையும் பூச்சிகளையும் சேகரித்தார்கள். மருத்துவ மாணவரான அலிசன் மக்களின் ரத்தத்தைச் சேகரித்தார். ரத்த வகைகளைப் பார்ப்பதுதான் முதல் நோக்கம். கூடவே அரிவாள் வடிவச் சோதனையையும் செய்தார்.

அந்தச் சோதனை மிக எளிது. விரல் நுனியில் குத்தி எடுத்த ஒரு துளி ரத்தம், ஆக்சிஜனை இழுத்துவிடும் ஒரு ரசாயனக் கரைசல், இரண்டையும் கண்ணாடித் தகட்டில் கலக்க வேண்டும். மேலே மெல்லிய மூடு கண்ணாடி. காற்று புகாமல் ஓரங்களில் வாசலின் பூச வேண்டும். சற்று நேரம் காத்திருந்து நுண்ணோக்கியில் பார்த்தால், கேரியரின் ரத்தம் என்றால் வட்டமாக இருந்த அணுக்கள் பிறை பிறையாக இழுத்துக்கொண்டிருக்கும். உடம்புக்குள் உறையாதது, கண்ணாடிக்கு அடியில் மூச்சு முட்டும்போது உறைந்துவிடுகிறது. மின்சாரமோ பெரிய கருவிகளோ இல்லாத ஊரிலும் இதைச் செய்யலாம்.

விடைகளை வரைபடத்தில் குறித்தபோது விசித்திரமான ஒன்று தெரிந்தது. கடற்கரையிலும் விக்டோரியா ஏரிக் கரையிலும் 100க்கு 20 பேருக்கு மேல் கேரியர்கள். நடுவே உள்ள மலைநாட்டிலும் வறண்ட பகுதியிலும் 100க்கு ஒருவர் கூட இல்லை. மொழி, குலம், வம்சம் எதை வைத்துப் பார்த்தாலும் இந்தக் கோடு சரிவரவில்லை. ஏரிக்கரையும் கடற்கரையும் ஒன்றுக்கொன்று நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருப்பவை. இரண்டுக்கும் பொதுவாக என்ன இருக்கிறது?

கொசு இருக்கிறது. தாழ்வான, வெப்பமான, ஈரமான நிலம். ஆண்டு முழுக்க மலேரியா. குளிர்ந்த மலைநாட்டில் அது இல்லை.

கென்யாவில் வளர்ந்தவருக்கு எந்த ஊரில் காய்ச்சல் அதிகம், எங்கே இல்லை என்பது சின்ன வயதிலிருந்தே தெரிந்த சங்கதி. அந்த வரைபடத்தை லண்டனிலிருந்து வந்த ஒருவர் பார்த்திருந்தால் இந்த எண்ணம் இவ்வளவு சட்டென்று தோன்றியிருக்குமா என்பது சந்தேகம்தான்.

இந்த யோசனை முழுக்க முழுக்க அவருடையது மட்டுமல்ல என்பதையும் சொல்ல வேண்டும். வடக்கு ரொடீஷியாவில், இன்றைய ஜாம்பியாவில், பீட் என்ற மருத்துவர் 1946இலேயே கேரியர்களின் ரத்தத்தில் மலேரியாக் கிருமி குறைவாகத் தென்படுவதைக் குறித்திருந்தார். பின்னாளில் இந்தியக் குடிமகனாகி புவனேசுவரத்தில் காலமான ஹால்டேனும், தலசீமியா என்ற வேறொரு ரத்த நோயைப் பற்றி இதே போன்ற ஊகத்தைச் சொல்லியிருந்தார். ஊகத்தைச் சோதித்து நிறுவியது அலிசன்.

290 குழந்தைகளும் 30 ஆண்களும்

அதற்கு அவர் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. மருத்துவப் படிப்பை முடித்தாக வேண்டும். 1953இல் மறுபடி ஆப்பிரிக்கா வந்தார்.

முதலில் உகாண்டாவில் கம்பாலாவுக்கு அருகே 290 சிறு குழந்தைகளைப் பரிசோதித்தார். ஏன் குழந்தைகள்? மலேரியா உள்ள ஊரில் பெரியவர்கள் பல முறை காய்ச்சல் கண்டு ஓரளவு எதிர்ப்பு பெற்றிருப்பார்கள். கேரியருக்கும் மற்றவருக்கும் உள்ள வித்தியாசம் அந்த எதிர்ப்பில் மறைந்துவிடும். இது புரியாமல் பெரியவர்களை ஆராய்ந்து, ஒரு தொடர்பும் இல்லை என்று முடிவு கட்டினால் ஏமாந்துபோவோம். குழந்தைகளிடம்தான் உண்மை தெரியும்.

290 பேரில் 43 பேர் கேரியர்கள். அவர்களில் 12 பேரின் ரத்தத்தில் மலேரியாக் கிருமி இருந்தது, அதாவது 28 விழுக்காடு. மீதி 247 பேரில் 113 பேருக்கு இருந்தது, ஏறக்குறைய 46 விழுக்காடு.

அடுத்த சோதனையைப் படிக்கும்போது இன்றைக்கு மனம் கொஞ்சம் திடுக்கிடும். லுவோ இனத்தைச் சேர்ந்த 30 ஆண்கள் முன்வந்தார்கள். 15 பேர் கேரியர்கள், 15 பேர் அல்லாதவர்கள். அவர்களுக்கு மலேரியாக் கிருமி வேண்டுமென்றே செலுத்தப்பட்டது. கேரியர் அல்லாத 15 பேரில் 14 பேருக்குக் கிருமி பெருகியது. கேரியர்களில் 2 பேருக்கு மட்டும்தான். பிறகு அவர்களுக்குச் சிகிச்சை தரப்பட்டது. காலனி ஆட்சிக் காலத்தில், வெள்ளைக்கார மருத்துவர் ஒருவர் கேட்க, அந்த ஆண்கள் 'சரி' என்றதில் எத்தனை சுதந்திரம் இருந்தது? அலிசனை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆனாலும் இந்தக் கேள்வியைத் தாண்டிப்போக முடியவில்லை. அந்த 30 பேருக்கும் மருத்துவ உலகம் கடன்பட்டிருக்கிறது.

மூன்றாவதாக, கிழக்கு ஆப்பிரிக்காவின் பல குழுக்களில் சுமார் 5,000 பேரின் ரத்தத்தைப் பார்த்தார். மலேரியா கடுமையான இடங்களில் கேரியர்கள் 40 விழுக்காடு வரை இருந்தார்கள். 1954 பிப்ரவரியில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் கட்டுரை வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 28.

இந்தப் பாதுகாப்பு எப்படி நடக்கிறது என்பதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் உண்டு. மலேரியாக் கிருமி சிவப்பணுவுக்குள் குடிபுகுந்து வளர்வது. கேரியரின் அணுவுக்குள் அது புகுந்ததும் அந்த அணு மற்றவற்றைவிடச் சீக்கிரம் வளைந்துவிடுகிறது. வளைந்த அணுவை மண்ணீரல் பிடித்து அழித்துவிடும், உள்ளே இருக்கும் கிருமியோடு சேர்த்து. ஆக்சிஜன் குறைந்த குழாய்களில் கிருமியின் வளர்ச்சியும் தடைபடுகிறது. கேரியருக்கு மலேரியாவே வராது என்று இதற்குப் பொருள் அல்ல. காய்ச்சல் வரும். மூளையைத் தாக்கி உயிரைப் பறிக்கும் கடுமையான மலேரியா வரும் வாய்ப்புதான் சுமார் 90 விழுக்காடு குறைகிறது என்று பின்னாளைய ஆய்வுகள் காட்டின.

நூறு தொட்டில்கள்

சரி, பிள்ளைகளின் கேள்விக்கு வருவோம். கரும்பலகையில் நான் போடும் கணக்கு இது. விளக்கத்துக்காக எடுத்துக்கொண்ட எண்கள்தான், எந்த ஊரின் கணக்கெடுப்பும் இல்லை.

மலேரியா உள்ள ஓர் ஊரில் 100 குழந்தைகள் பிறக்கிறார்கள். ஆளுக்கு இரண்டு வீதம் 200 மரபணுப் பிரதிகள். அவற்றில் 20 அரிவாள் பிரதிகள், அதாவது பத்தில் ஒன்று. இவை இஷ்டம்போல் ஜோடி சேர்ந்தால் என்ன ஆகும்? இரண்டு பிரதியும் அரிவாளாக அமைய பத்தில் ஒன்றின் பத்தில் ஒன்று வாய்ப்பு. ஆக 1 குழந்தைக்கு நோய். 18 குழந்தைகள் கேரியர்கள். மீதி 81 பேரிடம் அரிவாள் பிரதியே இல்லை.

நோயுள்ள அந்த 1 குழந்தை இறந்துவிடுகிறது. இரண்டு அரிவாள் பிரதிகள் போயின, 18 மிச்சம்.

மறுபக்கம் மலேரியா வேலை செய்கிறது. அரிவாள் பிரதி இல்லாத 81 பேரில் 9 பேரை அது கொன்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 72 பேர் மிஞ்சுகிறார்கள். கேரியர்கள் 18 பேரும் பிழைக்கிறார்கள்.

இப்போது எண்ணிப் பாருங்கள். வளர்ந்து பெரியவர்களானவர்கள் 72 பேரும் 18 பேரும், மொத்தம் 90 பேர். பிரதிகள் 180. அரிவாள் பிரதிகள் 18. பத்தில் ஒன்று! தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்கிறோம். அடுத்த தலைமுறையிலும் இதேதான். ஒரு பக்கம் நோய் அந்த மரபணுவைக் குறைக்கிறது, மறுபக்கம் மலேரியா அது இல்லாதவர்களைக் குறைக்கிறது. தராசு அசையாமல் நிற்கிறது. உயிரியலில் இதற்குச் சமநிலைத் தேர்வு என்று பெயர்.

மலேரியாவை எடுத்துவிட்டால்? 81 பேரும் பிழைப்பார்கள், 18 பேரும் பிழைப்பார்கள். 198 பிரதிகளில் 18. பத்தில் ஒன்றுக்குக் கீழே வந்துவிட்டது. இனி ஒவ்வொரு தலைமுறையிலும் இறங்கும், ஆனால் மிக மெதுவாக. அடிமைகளாகப் பிடித்துச் செல்லப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழிவந்த அமெரிக்கக் கறுப்பின மக்களில் இன்று சுமார் 13 பேருக்கு ஒருவர்தான் கேரியர். மேற்கு ஆப்பிரிக்காவின் பல பகுதிகளைவிட இது குறைவு. மலேரியா இல்லாத நிலத்தில் பல தலைமுறை வாழ்ந்ததும் பிற மக்களோடு கலந்ததும் சேர்ந்து நடத்திய மாற்றம் அது.

இந்த இடத்தில் ஒரு பெரிய தவறான எண்ணத்தையும் களைந்தாக வேண்டும். பாதுகாப்பு கேரியருக்கு மட்டும்தான். இரண்டு பிரதி உள்ள நோயாளிக் குழந்தைக்கு மலேரியா எமன். ஏற்கெனவே ரத்தம் குறைந்திருக்கும் உடம்பு, மண்ணீரலும் பழுதாகியிருக்கும். 'அரிவாள் செல் இருப்பவருக்கு மலேரியா வராது' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது அந்தக் குழந்தைகளின் உயிரோடு விளையாடுவது.

கிரேக்கத்திலும் நீலகிரியிலும்

இப்போது 'கறுப்பர்களின் நோய்' என்ற பேச்சு என்ன ஆகிறது என்று பாருங்கள்.

கென்யாவின் மலைநாட்டு கிக்கூயு மக்கள் கறுப்பினத்தவர்தான். அவர்களிடம் இந்த மரபணு மிக அரிது. கிரேக்கத்தில் கொப்பாயிஸ் என்ற பழைய சதுப்பு ஏரியைச் சுற்றியுள்ள ஊர்களில் இது இருக்கிறது. சிசிலித் தீவில் இருக்கிறது. சவுதி அரேபியாவின் கிழக்குப் பகுதியில் இருக்கிறது. நம் நீலகிரியில் இருக்கிறது. 1952இல், அலிசனின் கட்டுரைக்கு இரண்டு ஆண்டு முன்பே, லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் நீலகிரிப் பழங்குடி மக்களிடம் அரிவாள் செல் இருப்பதைப் பதிவுசெய்தார்கள். மத்திய இந்தியப் பழங்குடிகளிடமும் பரவலாக இருப்பது பின்னர் தெரிந்தது. 2023இல் இந்திய அரசு இதற்கென்றே ஒரு தேசிய இயக்கத்தைத் தொடங்கியது.

தோல் நிறத்தை வைத்துக் கோடு போட்டால் கிக்கூயு ஒரு பக்கமும் கிரேக்க விவசாயி மறுபக்கமும் தவறாக விழுவார்கள். மலேரியா காலங்காலமாக இருந்த இடங்களை வைத்துக் கோடு போட்டால் பெரும்பாலும் பொருந்திவிடும்.

இதே கதை இன்னொரு கிருமியோடும் நடந்திருக்கிறது. ஆப்பிரிக்காவில் செட்சீ ஈ கடித்துப் பரவும் தூக்க நோய் என்று ஒன்று உண்டு. அதன் கிருமியை எதிர்க்க உதவும் இரண்டு மாற்றங்கள் ஏபிஓஎல்1 என்ற மரபணுவில் இருப்பது 2010இல் தெரியவந்தது. ஆனால் இரண்டு பிரதியிலும் மாற்றம் இருப்பவருக்குச் சிறுநீரகம் பழுதாகும் ஆபத்து மிக அதிகம். ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கு ஏன் சிறுநீரகச் செயலிழப்பு இவ்வளவு வருகிறது என்பதற்கு உணவு, உப்பு, வறுமை என்று பல காரணங்களைச் சொல்லிவந்தார்கள். அவற்றோடு இந்தப் பழைய ஈக்கடியும் ஒரு பெரிய காரணம் என்று தெரிந்தது.

விதைநெல் பானை

அலிசன் பார்த்தது ஒரு மரபணு. ஆப்பிரிக்க மக்களிடம் இன்னும் என்னென்ன இருக்கின்றன என்பதை உலகம் வெகுகாலம் பார்க்கவே இல்லை.

ஒரு பெரிய கிராமத்தில் நூறு வகை விதைநெல் இருக்கிறது. ஒரு சில குடும்பங்கள் கைக்கு எட்டிய பானைகளை மட்டும் எடுத்துக்கொண்டு தூரதேசம் போகின்றன. அங்கே அந்தச் சில வகைகளே பல்கிப் பெருகி நாடெல்லாம் வயலாகிவிடும். வயல் எவ்வளவு பரந்திருந்தாலும் வகை குறைவுதான். மனித குலத்துக்கு நடந்தது இதுதான். நம் இனம் தோன்றியது ஆப்பிரிக்காவில். சுமார் 60,000, 70,000 ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறு பகுதி வெளியேறியது. ஐரோப்பியர், சீனர், நாம் எல்லாரும் பெரும்பாலும் அவர்களின் வழிவந்தவர்கள். மூலக் கிராமத்து விதைகள் ஆப்பிரிக்காவில்தான் இருக்கின்றன. அதனால் இரண்டு ஆப்பிரிக்கக் குழுக்களுக்கு நடுவே இருக்கும் மரபணு வேறுபாடு, ஓர் ஐரோப்பியருக்கும் ஓர் ஆசியருக்கும் நடுவே இருப்பதைவிட அதிகமாக இருக்கலாம். 'ஆப்பிரிக்க மரபணு' என்று ஒருமையில் பேசுவதே பிழை.

ஆனால் ஆராய்ச்சி எங்கே நடந்தது? மரபணுவுக்கும் நோய்களுக்கும் தொடர்பு தேடும் பெரிய ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் 78 விழுக்காடு ஐரோப்பிய வம்சாவளியினர், 2 விழுக்காடுதான் ஆப்பிரிக்கர் என்று 2019இல் ஒரு கணக்கு வந்தது. படிக்கும்போது எனக்கு வருத்தமாகவும் கோபமாகவும் இருந்தது. வகை மிகுந்த பானையைத் திறக்காமலே விதையின் இலக்கணம் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

இது வெறும் நியாயம் பற்றிய பேச்சும் இல்லை. கேமரூனில் பிறந்து மருத்துவம் படித்த ஆம்ப்ரோஸ் வொங்காம் என்பவரின் வேலையைப் பாருங்கள். பிறவியிலேயே காது கேளாத குழந்தைகளை ஆராய்கிறார். ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் இதற்கு மிக அடிக்கடி காரணமாவது ஜிஜேபி2 என்ற மரபணு. மருத்துவமனைச் சோதனைகள் முதலில் அதைத்தான் தேடும். ஆப்பிரிக்காவின் பெரும்பாலான மக்களிடம் தேடினால் அதில் கோளாறு ஏறக்குறைய இல்லவே இல்லை. கானாவில் மட்டும், குறிப்பாக காது கேளாதோர் பலர் வாழும் அடமோரோபே கிராமத்தில், கிடைக்கிறது. மற்ற இடங்களில் காரணம் வேறு மரபணுக்களில் இருக்கிறது. வெளிநாட்டில் செய்த சோதனைப் பட்டியலை அப்படியே கொண்டுவந்து வைத்தால், 'எல்லாம் சரியாக இருக்கிறது' என்ற பொய்யான விடைதான் தாய்க்குக் கிடைக்கும்.

ஆப்பிரிக்கா முழுவதிலுமிருந்து 30 லட்சம் பேரின் மரபணுத் தொகுதியைப் படிக்க வேண்டும் என்று வொங்காம் 2021இல் அறைகூவல் விடுத்தார். மரபணுத் தொகுதி என்பது ஒருவரின் டிஎன்ஏவில் எழுதியிருப்பது அத்தனையும். பேராசை போலத் தோன்றும். ஆனால் 2020இல் எச்3ஆப்பிரிக்கா என்ற கூட்டமைப்பு 50 இனக்குழுக்களிலிருந்து வெறும் 426 பேரைப் படித்ததிலேயே, அதுவரை எங்கும் பதிவாகாத 30 லட்சத்துக்கும் மேற்பட்ட மரபணு வேறுபாடுகள் கிடைத்தன.

அப்படித் தேடினால் கிடைப்பது அவர்களுக்கு மட்டும் பயன்படுவதில்லை. அமெரிக்காவின் டாலஸ் நகரில் ஹெலன் ஹாப்ஸ் என்ற மருத்துவரும் ஜோனதன் கோஹனும், ஆப்பிரிக்க வம்சாவளியினர் சிலரிடம் பிசிஎஸ்கே9 என்ற மரபணு வேலை செய்யாமலிருப்பதைக் கண்டார்கள். அவர்களுக்குக் கெட்ட கொழுப்பு 28 விழுக்காடு குறைவு, மாரடைப்பு போன்ற இதயநாள நோயின் ஆபத்து 88 விழுக்காடு குறைவு. அந்த மரபணுவின் புரதத்தைத் தடுக்கும் ஊசி மருந்துகள் 2015இல் வந்துவிட்டன. இன்று உலகெங்கும் இதய நோயாளிகள் போட்டுக்கொள்கிறார்கள்.

அலிசனும் பின்னாளில் இதே மாதிரி ஒரு வேலை செய்தார். பிறவியிலேயே ஒரு நொதி இல்லாத குழந்தைகளுக்கு நோய் எதிர்ப்பு அணுக்கள் மட்டும் செத்துப்போவதைக் கவனித்தார். அந்த அணுக்களை மட்டும் அடக்கும் மருந்தைச் செய்ய முடியுமா என்று யோசித்தார். மனைவி எல்சி யூஜியுடன் சேர்ந்து அவர் உருவாக்கியது மைக்கோஃபினோலேட் மோஃபெட்டில். மாற்றுச் சிறுநீரகத்தை உடம்பு நிராகரிக்காமலிருக்க 1995 முதல் பயன்படும் மருந்து. சிறுநீரக மாற்று செய்துகொண்ட யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால், அவர் காலையும் மாலையும் விழுங்குவது அநேகமாக இதுதான். 2014இல் அலிசன் காலமானார்.

குமாசியில் ஒரு குதிகால்

ஏன் அழியவில்லை என்று தெரிந்துவிட்டது. நோயோடு பிறக்கும் குழந்தைகளை என்ன செய்வது?

ஆண்டுதோறும் உலகில் 5 லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகள் அரிவாள் செல் நோயோடு பிறக்கிறார்கள். நான்கில் மூன்று பங்குக்கு மேல் சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில். 2023இல் மரபணுவைத் திருத்தும் சிகிச்சை ஒன்றுக்கு பிரிட்டனும் அமெரிக்காவும் அனுமதி அளித்தன. அமெரிக்காவில் அதன் விலை ஒருவருக்கு 22 லட்சம் டாலர். மலேரியா உள்ள கிராமத்துக்கு அது எப்போது போய்ச் சேரும்?

கைக்கு எட்டும் வழிகளும் இருக்கின்றன. ஹைட்ராக்ஸியூரியா என்ற பழைய மாத்திரை, கருவில் இருக்கும்போது சுரக்கும் உறையாத ஹீமோகுளோபினை மறுபடி சுரக்கச் செய்கிறது. மீண்டும் நம் விளக்கெண்ணெய்தான். அங்கோலா, காங்கோ, கென்யா, உகாண்டா ஆகிய நாடுகளில் குழந்தைகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2019இல் வெளிவந்தது. வலியும் இறப்பும் குறைந்தன, மலேரியாவும் குறைந்தது.

ஆனால் மாத்திரை கொடுப்பதற்கு முன் எந்தக் குழந்தைக்கு நோய் என்று தெரிய வேண்டுமே. கானாவைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் குவாகு ஓஹேனே-ஃபிரெம்பாங் தன் வாழ்நாளைக் கொடுத்தது இதற்குத்தான். அவர் மகனே அரிவாள் செல் நோயோடு பிறந்தவர். 1990களில் குமாசி நகரில் பச்சிளங்குழந்தைகளைப் பரிசோதிக்கும் திட்டத்தைத் தொடங்கினார். குழந்தையின் குதிகாலில் ஒரு சிறு குத்து. வடிதாள் அட்டையில் அச்சிட்ட வட்டத்தில் ரத்தத் துளி ஒன்றைத் தொட்டு ஊறவிடுவார்கள். காய்ந்ததும் ஆய்வகத்துக்குப் போகும். நோய் இருப்பது உறுதியானால் தாயைத் தேடிப் பிடித்து, இரண்டு மாதம் முதலே பென்சிலின் தொடங்குவார்கள். மண்ணீரல் பழுதான குழந்தையைக் கொல்லும் கிருமித் தொற்றை அந்த மலிவான மருந்து பெருமளவு தடுத்துவிடும். கூடவே கொசுவலை, மலேரியாத் தடுப்பு மருந்து. அப்புறம் தாயை உட்காரவைத்து, குழந்தையின் இடது விலா எலும்புக்குக் கீழே விரலை வைத்து மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். வீக்கம் தட்டுப்பட்டால் விடியும்வரை காத்திருக்காமல், அந்த இரவே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.